கொண்டல் வந்து சேரும் இடம்

கிழக்கே கடல். மேற்கே ஆமை படுத்தாற்போல ஒரு குன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்துக்கு நாள்தோறும் கடலிலிருந்து ஒருத்தி வந்து போவாள். அவள் பெயர் கொண்டல், கீழ்திசைக் காற்று.

வெயில் ஏறித் தரை கொதிக்கத் தொடங்கியதும் நிலம் அவளைக் கூப்பிடும். அதுவரை தண்ணீர்மேல் சோம்பிக் கிடந்தவள் எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் படகுகளின் கொடிக்கயிறு ஆடும். பிறகு கடற்கரைச் சாலையில் வேப்பமரங்கள் சலசலக்கும். மாங்காய்ப் பத்தை விற்கிற பெண் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, வந்துட்டா!" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே கொண்டல் இன்னும் கொஞ்சம் விசையாக வருவாள்.

வந்தவள் சும்மாவும் இருக்கமாட்டாள். துறைமுகத்தை ஒட்டி நிலக்கரி எரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. பட்டினத்தில் விளக்கு எரிந்ததும் விசிறி சுற்றியதும் அதன் தயவில்தான். அதன் இரண்டு புகைபோக்கிகளும் ஓயாமல் புகையைக் கக்கும். கொண்டல் அந்தப் புகையின் தோளில் கைபோட்டு, "நட, நட" என்று மேற்கே தள்ளிக்கொண்டு போவாள். சரக்கு லாரிகள் கிளப்பிய தூசி, குப்பைமேட்டு நாற்றம், எல்லாவற்றையும் போகிற வழியில் சேர்த்துக்கொள்வாள். சிறிது நேரத்தில் கடற்கரைச் சாலை பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி ஆகிவிடும்.

மேற்கே போகப் போக அவள் கால் தளரும். குன்றை நெருங்குவதற்குள் பொழுது சாய்ந்து, நிலமும் ஆறிப்போகும். கூப்பிட்டவர்களே கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் யார்தான் நடப்பார்கள்? அடிவாரத்தில் கைச்சுமையைப் போட்டுவிட்டு, அரைத் தூக்கத்தில் அப்படியே அடங்கிவிடுவாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கண்விழித்துப் பார்த்ததில்லை.

ஒரு சித்திரை மாதத்தில் நிலம் வழக்கத்துக்கு மேல் கொதித்தது. அது இழுத்த இழுப்பில் கொண்டல் ஓட்டமும் நடையுமாகப் பட்டினத்தைத் தாண்டி, வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துக்கு வந்துவிட்டாள். தூக்கம் சிறிதும் இல்லை. கண்ணை அகலத் திறந்து பார்த்தாள்.

வரிசை வரிசையாக மாடிக் குடியிருப்புகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே மஞ்சள். அவள் வருவதைப் பார்த்ததும் பெண்கள் கொடித்துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். "வந்துட்டா, வந்துட்டா!" என்று குரல் கேட்டது. கடற்கரையில் கேட்கிற அதே சொல். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் சன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

மூன்றாம் மாடியில் ஒருத்தி சன்னல் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள். கொண்டலுக்கு அந்த முகம் தெரியும். சலேத்தம்மாள். முன்பு கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள். துறைமுகத்தை அகலப்படுத்தியபோது அவள் தெருவையே எடுத்து இந்த அடிவாரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கடற்கரைப் பெண்களுக்குக் காற்றின் பேச்சு புரியும். அதனால் கொண்டல் உரிமையோடு சன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"சலேத்து, நான்தான். அடையாளம் தெரியலையா?"

"தெரியாம என்ன? உன் வாடை எனக்குத் தெரியாதா? கைய எடுட்டி, நசுங்கிப் போவ."

"என் மூஞ்சியிலயே சாத்துறியே. நான் என்ன பண்ணினேன்?"

சலேத்தம்மாள் கதவை இழுப்பதை நிறுத்தினாள். வெறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. "நீ மட்டும் வந்தா கதவையே கழட்டி வச்சிருவேன்" என்றாள். "நீ தனியாவா வாற? பின்னால யாரைக் கூட்டிட்டு வந்து நிக்க, திரும்பிப் பாரு."

கொண்டல் திரும்பினாள். புகை நின்றுகொண்டிருந்தது. கரையில் பார்த்தபோது கையால் தள்ளக்கூடிய சின்னச் சுருளாகத்தான் இருந்தது. இங்கே தெருவை அடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, பழுப்பேறிப் போய் நின்றது. அதற்குப் பின்னால் நேற்றைய புகை. அதற்கும் பின்னால் முந்தாநாள் புகை.

"நீங்க எல்லாம் இன்னும் போகலையா?" என்று கேட்டாள் கொண்டல்.

"எங்கே போறது அக்கா?" என்றது புகை. "நீ இங்கே கொண்டுவந்து விட்டுட்டுத் தூங்கிடுறே. எதிர்ல குன்று. ஏற முடியல."

குன்று பெருமூச்சுவிட்டது. "நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்ததில்லை தாயி. பொழுது சாஞ்சா என் முதுகில இருக்கிற குளிர்ச்சி வழிஞ்சு கீழே இறங்கும். பகல் சூடு அதுக்கு மேல மூடி போட்டாப்ல நின்னுக்கும். சட்டிக்குள்ள அகப்பட்டது மாதிரி இதுங்க எல்லாம் ராத்திரி முழுக்க வீடுகளுக்குள்ளதான் கிடக்கும். விடியக்காலையில கொஞ்சம் கடல் பக்கம் நகரும். மத்தியானம் நீயே மறுபடி கொண்டுவந்து விட்டுடுறே."

கொண்டல் சன்னலின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தாள். சலேத்தம்மாளின் கணவன் கஸ்பார் கட்டிலில் முழங்கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவன் முன்பு சங்கு குளித்தவன். ஒரே மூச்சில் கடலடிக்குப் போய், மணலைத் துழாவி, இரண்டு கையிலும் சங்கோடு மேலே வருவான். அவன் தலை தண்ணீரைவிட்டு எழும்புகிற வரைக்கும் கொண்டலே பயந்துபோய் அலையைத் தடவிக்கொண்டிருந்ததுண்டு. இப்போது அவன் ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்தான்.

"இவிய மாடிக்கு மாடி உக்காந்து உக்காந்துதான் ஏறி வாறாவ" என்றாள் சலேத்தம்மாள். "உன்மேல கோபமில்லட்டி. ஆனா சாத்தித்தான் ஆகணும்."

சன்னல் சாத்திக்கொண்டது.

மறுநாள் கொண்டல் கரைக்கு வந்ததும் நேராகப் புகைபோக்கிகளிடம் போனாள். "கொஞ்சம் குறைச்சுக்கங்களேன்" என்று கேட்டாள்.

"எங்களை உயரமாக் கட்டினாங்க, உயரமா விடுறோம்" என்றது மூத்தது. "அதுக்கப்புறம் நீயாச்சு, அதுவாச்சு."

இளையது கொஞ்சம் இரக்கப்பட்டது. "எங்ககிட்ட கேட்டு என்ன ஆகும்? அடுப்பைப் போடச் சொல்றவங்க கடற்கரைச் சாலையில இருக்காங்க. இன்னும் ஒரு புகைபோக்கி கட்டப்போறாங்களாம். எங்களுக்கே இடநெருக்கடி."

கடற்கரைச் சாலையில் வெள்ளை வீடு ஒன்றில் பட்டினத்து மன்றத் தலைவி தில்லைநாயகி இருந்தாள். கெட்டவள் அல்ல. மழை வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து சோறு கொடுத்தவள் என்று ஊரில் பெயர் உண்டு. மாடி முகப்பில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆலையின் தலைமைப் பொறியாளர் இன்பசேகரன், மூன்றாவது புகைபோக்கியின் வரைபடத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடிவாரத்து ஆளுங்க புகை, புகைன்னு மனு கொடுத்துக்கிட்டே இருக்காங்களே, என்ன சேதி?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

இன்பசேகரன் சிரித்தார். "இங்க உங்களுக்கு ஏதாவது தெரியுதாம்மா?"

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். உப்பும் வேப்பம்பூவும்தான் மணத்தன. "இல்லையே."

"அவ்வளவுதான். இது கடலோர ஊரும்மா. புகை எங்க நிக்கப்போகுது? நமக்குக் கடல்காத்து இருக்கு."

திரைச்சீலையை ஆட்டிக்கொண்டிருந்த கொண்டலின் கை அப்படியே நின்றுவிட்டது. ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தாள். இவர்களோ அவள் பெயரைச் சொல்லியே அடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவள் வந்து தொட்டதனால்தான் இந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

அன்று மாலை அவள் குன்றின் உச்சியை எட்டிப் பிடித்து, அந்தப் பக்கம் இருந்த கச்சானைக் கூப்பிட்டாள். கச்சான் மேல்திசைக் காற்று. காய்ந்த வயல்களைக் கடந்து வருகிறவன், அதனால் உடம்பெல்லாம் அனல். அவன் வந்தாலே பட்டினத்து ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

"அண்ணே, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். நாளையிலேருந்து என்னைக் கரையேற விடாதே."

"உனக்கென்ன பைத்தியமா? உன்னைத்தான் ஊரே கொண்டாடுது. நான் வந்தாத்தான் மண்ணை வாரித் தூத்துவாங்க."

"நானா நிக்கணும்னு நெனச்சாலும் நிக்க முடியாது. நிலம் கூப்பிட்டா கால் தானா ஓடிடும். நீ வந்து என் தோளைப் பிடிச்சு நிறுத்து. துரத்த வேண்டாம். பிடிச்சுக்கிட்டாப் போதும்."

கச்சான் அவளை உற்றுப் பார்த்தான். அடிவாரம் அவனுக்குப் பழக்கமான இடம்தான். போகிற வருகிற வழியில் அந்தச் சாத்திய சன்னல்களை அவன் பார்த்திருக்கிறான். "சரி" என்றான்.

மறுநாள் வெயில் ஏறியது. நிலம் கூப்பிட்டது. கொண்டல் எழுந்து ஓடிவந்தாள். கரையோரத்தில் கச்சான் எதிரே வந்து அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டான். அவள் தள்ளினாள், அவன் தள்ளினான். இருவரும் நகரவில்லை. கடற்கரைச் சாலையில் ஓர் இலைகூட அசையவில்லை.

புகைபோக்கிகளிலிருந்து வந்த புகை வழக்கம்போல அக்காவைத் தேடியது. கைபோட்டு அழைத்துப்போக யாரும் இல்லை. மேலே கொஞ்சம் ஏறிப் பார்த்தது, திரும்பி வந்தது. கடைசியில் கடற்கரைச் சாலையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

அன்று மக்கள் எரிச்சல்பட்டார்கள். அடுத்த நாள் இருமினார்கள். அதற்கடுத்து மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டார்கள். வெள்ளை வீட்டின் கைப்பிடிச் சுவரில் கரித்தூள் படிந்தது. மாங்காய்க்காரி கூடையை மூடி வைத்துவிட்டு, "எங்க போய்த் தொலஞ்சா இவ?" என்று கடலைப் பார்த்து நின்றாள். கண் எரிந்து தண்ணீர் வழிந்தது. ஆலையில் கரி அள்ளுகிறவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும், ஒரு பாவமும் அறியாத கைக்குழந்தைகளும் சேர்ந்துதான் இருமினார்கள்.

கொண்டல் தண்ணீர்மேல் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தாள். "அண்ணே, விட்டுடு. இதுங்க முகத்தைப் பார்க்க முடியல" என்றாள்.

"அடிவாரத்துல இன்னைக்குத் துணி காயப் போட்டிருக்காங்க" என்றான் கச்சான். "கஸ்பார் கீழே இறங்கி வந்து நிக்கான். இப்ப விடவா?"

அவள் கண்ணை மேற்கே திருப்பிக்கொண்டாள். அவன் பிடியை விடவில்லை.

தில்லைநாயகி நான்கு சுவருக்குள் அடைந்து கிடந்து பார்த்தாள். மூச்சு முட்டியது. கடைசியில் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "எங்கயாவது நல்ல காத்து இருக்கிற பக்கமா வண்டிய விடு" என்றாள். அவர் மேற்கே விட்டார். போகப் போக வானம் வெளுத்தது. அடிவாரத்துக்கு வந்தபோது, வெயில் சுட்டாலும், நெஞ்சு நிறைய மூச்சு விட முடிந்தது. அங்கே நடந்ததைக் கச்சான்தான் பிறகு கொண்டலிடம் வந்து சொன்னான்.

குடியிருப்பின் கீழே சலேத்தம்மாள் பாயை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கஸ்பார் நின்றான். தில்லைநாயகி வண்டியைவிட்டு இறங்கி நின்று, ஆச்சரியத்தோடு சுற்றிப் பார்த்தாள்.

"ஊரே புகையில கிடக்கு. இங்க மட்டும் எப்படிம்மா இவ்வளவு நல்லா இருக்கு?"

சலேத்தம்மாளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மனுக்களைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை அந்த வெள்ளை வீட்டு வாசலில் நின்றவள் அவள். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"இத்தனை நாளும் உங்க புகை எங்க வீட்டுல இருந்துச்சும்மா. இப்பம் கொஞ்ச நாளா உங்க வீட்டுலயே இருக்கு."

தில்லைநாயகி திரும்பிக் கிழக்கே பார்த்தாள். பட்டினத்தின்மேல் பழுப்புக் கம்பளி ஒன்று விரிந்து கிடந்தது. அதன் ஒரு முனை இரண்டு புகைபோக்கிகளிலும் கட்டியிருந்தது. கரையிலிருந்து பார்க்கும்போது ஒருநாளும் தெரியாதது இங்கிருந்து முழுசாகத் தெரிந்தது. பிறகு கஸ்பாரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டாள்.

"சங்கு குளிச்சேன் தாயி. இப்பம் மூச்சு நிக்கல்ல."

அவள் வண்டியில் ஏறி ஊருக்குத் திரும்பினாள்.

அன்றே இன்பசேகரன் அவளைப் பார்க்க வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "காத்து நின்னது ஏதோ பருவக் கோளாறும்மா. சீக்கிரம் சரியாயிடும். மூணாவது புகைபோக்கிக்கு நாளைக்கு மன்றம் கூடி ஒப்புதல் கொடுத்துட்டா வேலையை ஆரம்பிச்சிரலாம். நமக்குத்தான் கடல்காத்து..."

"இருக்கு" என்றாள் தில்லைநாயகி. "அது போய்ச் சேர்ற இடத்துல நாளைக்குக் கூட்டத்தை வைங்க. சாயங்காலமா."

செய்தி அடிவாரத்துக்கு வந்தது. சலேத்தம்மாள் மொட்டைமாடிக்கு ஏறிக் கிழக்கே பார்த்து நின்றாள். கொண்டல் வராத நாளில் கூட்டம் நடந்தால், வருகிறவர்கள் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க அவளிடம் ஒரு சொல்தான் இருந்தது. கீழே நின்ற கஸ்பாரை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சொன்னாள்.

"ஏட்டி கொண்டல், நாளைக்கு வா. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டே வா."

கச்சான் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனான். கொண்டல் கேட்டதும் மறுத்துவிட்டாள். "கஸ்பார் தாங்கமாட்டான். இப்பத்தான் எழுந்து நிக்கிறான்."

"அவன்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான் கச்சான். "'ஒரு முங்கு முங்கி எந்திரிக்க மாட்டேனா? வரச் சொல்லு'ங்கிறான்."

மறுநாள் கச்சான் கையை எடுத்தான். கொண்டல் கரையேறினாள். வேப்பமரங்கள் சலசலத்தன. கடற்கரைச் சாலையில் அத்தனை பேரும் தெருவுக்கு வந்து கைதட்டாத குறையாக அவளை வரவேற்றார்கள். அவளுக்கு அன்று அது இனிக்கவில்லை. தேங்கிக் கிடந்த புகை முழுவதையும் எழுப்பித் தோளில் கைபோட்டாள். "வா, போகலாம்" என்று மேற்கே நடந்தாள்.

அடிவாரத்துச் சமுதாயக் கூடத்தில் மன்றம் கூடியிருந்தது. குடியிருப்புக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். கஸ்பார் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இன்பசேகரன் எழுந்து நின்று, உயரமான புகைபோக்கியிலிருந்து வருகிற புகை எப்படி மேலே போய்க் கலைந்துவிடும் என்பதைத் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

கொண்டல் வாசலுக்கு வந்தாள். கஸ்பாரைத் தொடாமல் சுற்றிப்போக வழி தேடினாள். காற்றுக்கு அப்படி வழி கிடையாது. அவன் கண்ணை மூடி, தண்ணீருக்குள் இறங்குகிறவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் உள்ளே போனாள். புகை பின்னாலேயே போனது.

வெளியே பொழுது சாய்ந்தது. குன்றின் முதுகிலிருந்து குளிர் வழிந்து இறங்கியது. மேலே மூடி விழுந்தது. இன்பசேகரனுக்குத் தொண்டை கமறியது. தண்ணீர் குடித்தார், பேசினார், மறுபடி குடித்தார். மன்றத்தார் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்துபோய்ச் சன்னல் கதவில் கைவைத்தார்.

"சாத்தாதீங்க" என்றாள் தில்லைநாயகி. அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "முடிவு பண்ணிட்டுச் சாத்திக்கலாம்."

இன்பசேகரன் சன்னலில் கைவைத்தபடியே சிறிது நேரம் நின்றார். சுவரோரமாக நின்றவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவரும் இருமலுக்குப் பதறவில்லை, பழகியிருந்தார்கள். அவர் திரும்பிவந்து வரைபடத்தைச் சுருட்டினார்.

அந்தப் பட்டினத்து மன்றம் அவ்வளவு சீக்கிரமாகக் கூட்டத்தை முடித்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது புகைபோக்கி வேண்டாம் என்றார்கள். இருக்கிற இரண்டிலும் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டிகளைப் போடுவதென்றும், போட்டு முடிக்கிற வரைக்கும் பிற்பகலில் அடுப்பைத் தணிப்பதென்றும் எழுதினார்கள். அந்த நேரத்தில் கடற்கரைச் சாலையிலும் விசிறி சுற்றாது. தில்லைநாயகி அதையும் சொல்லித்தான் கைதூக்கச் சொன்னாள்.

கஸ்பாரைச் சலேத்தம்மாளும் இன்பசேகரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடியேற்றினார்கள். அன்று இரவு கச்சான் யாரும் கூப்பிடாமலே குன்றைத் தாண்டி இறங்கிவந்து, விடிகிற வரைக்கும் அந்தத் தெருவிலேயே உலவிக்கொண்டிருந்தான்.

வடிகட்டிகள் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. போட்டு முடித்த பிறகு ஒரு நண்பகலில் கொண்டல் கரைக்கு வந்தபோது, புகைபோக்கியின் வாயில் நூல்போல ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புகைதான் அது.

"அக்கா, நான் எப்படி மெலிஞ்சிட்டேன் பாரு."

"பார்த்தேன்."

"ஒருநாள் நான் மொத்தமா இல்லாமப் போயிட்டா உனக்கு வருத்தமா இருக்குமா?"

கொண்டலுக்குப் பொய் சொல்ல மனமில்லை. எத்தனையோ நாள் தோளில் கைபோட்டு நடந்த துணை அது. அதன் மெலிந்த உடம்பை வாஞ்சையோடு தூக்கிக்கொண்டாள்.

"இருக்காது" என்றாள். "நீ இருக்கிற வரைக்கும், யார் வீட்டு வாசல்லயாவது உன்னைக் கொண்டுபோய் இறக்கிவிடத்தானே வேண்டியிருக்கு."